யார் தவறு, எப்படி நேர்ந்தது: மயக்க மருந்துப் பாதுகாப்பின் வரலாறு

1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தின் நியூகாசில் அருகே வின்லேட்டனில், கால்நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் இறந்துபோனாள். எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் அம்மருந்தை அறிமுகப்படுத்தி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கொன்றது மருந்தா, கொடுத்தவரின் கையா என்ற வழக்கு அன்று தொடங்கியது. ஆவியின் அடர்த்தி மிகுந்தால் இதயம் நின்றுவிடும் என்று கருதிய மருத்துவர் ஜான் ஸ்னோ, அளவைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றைச் செய்தார். எடின்பரோ மரபினரோ, மூச்சைக் கவனித்தால் போதும், நாடி பார்க்கத் தேவையில்லை என்றனர்.

இந்த வழக்கு விசாரிக்கப்பட்ட இடம் ஹைதராபாத். அங்கு பிரிட்டிஷ் ரெசிடென்சியின் அறுவை மருத்துவராக இருந்த எட்வர்டு லாரி எடின்பரோ மரபில் வந்தவர். 1888-இல் அவர் அமைத்த முதல் ஆணையத்தின் முடிவை லண்டனின் லான்செட் மருத்துவ இதழ் ஏற்கத் தயங்கியது. நிஜாம் மஹபூப் அலி கானின் பொருளுதவியோடு 1889-இல் இரண்டாவது ஆணையம் கூடியது. லான்செட் சார்பில் லாடர் பிரண்டன் கப்பலேறி வந்தார். நூற்றுக்கணக்கான நாய்கள், குரங்குகள்மீது சோதனை நடந்தது. முதலில் நிற்பது மூச்சு, இதயம் அதற்குப் பிறகுதான் என்பது தீர்ப்பு. அப்படியானால், நோயாளி இறந்தால் மூச்சைக் கவனிக்காதவரே குற்றவாளி. நிஜாமின் செல்வத்தில் நடந்த இந்த ஆய்வு, மருந்தை விடுவித்து மனிதரைக் கூண்டில் ஏற்றியது. லேசான மயக்கத்திலேயே இதயக் கீழறைகள் தாறுமாறாகத் துடித்துச் செயலிழக்கக்கூடும் என்று கூட்மன் லெவி 1911-இல் பூனைகளில் காட்டிய பிறகுதான் அந்தத் தீர்ப்பு ஆட்டம் கண்டது.

1954-இல் அமெரிக்காவில் பீச்சர், டாட் இருவரும் வெளியிட்ட ஆய்வு, 10 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 6 லட்சம் நோயாளிகளைக் கணக்கிலெடுத்தது. மயக்க மருந்து சார்ந்த மரணம் 1,560 பேருக்கு ஒன்று. தசையைத் தளர்த்தும் க்யூராரே பயன்பட்ட இடங்களில் விகிதம் பன்மடங்கு கூடியதால், பழி மீண்டும் மருந்தின் பக்கம் திரும்பியது.

கேள்வியையே மாற்றியவர் மருத்துவர் அல்லர். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பொறியாளராக இருந்த ஜெஃப்ரி கூப்பர், ராணுவ விமானிகளின் நூலிழைத் தப்பல்களை ஆராய உருவான நேர்காணல் முறையைக் கையில் எடுத்தார். மயக்க மருந்து கொடுப்போரை உட்காரவைத்து, நடந்தவற்றையும் நடக்கப் பார்த்தவற்றையும் சொல்லச் சொன்னார். 1978-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை 359 சம்பவங்களைப் பகுத்தது. தடுத்திருக்கக்கூடியவற்றில் 82 விழுக்காடு மனிதப் பிழை. கருவிப் பழுது 14 விழுக்காடுதான். லாரி இருந்திருந்தால் தன் கட்சி வென்றதாகவே நினைத்திருப்பார். கூப்பர் அங்கே நிற்கவில்லை. சுவாசக் குழாய் கழன்றுகொள்வது, வாயு ஓட்டம் தெரியாமல் மாறுவது, ஒரு சிரிஞ்சுக்கு இன்னொன்றை எடுப்பது என அதே பிழைகள் வெவ்வேறு கைகளில் திரும்பத் திரும்ப வந்தன. மயக்க ஆவியைக் கூட்டச் சில இயந்திரங்களில் குமிழை வலப்புறமும் சிலவற்றில் இடப்புறமும் திருப்ப வேண்டியிருந்த காலம் அது! களைப்பு, அவசரம், பழகாத கருவி ஆகியவை பிழைக்கு வழிவிட்டன.

இந்தக் கண்டறிதல் நடைமுறைக்கு வந்ததில் அறிவியலைவிடப் பணத்துக்குப் பங்கு அதிகம் என்பது என் கருத்து. இழப்பீட்டு வழக்குகளால் காப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சூழலில் மயக்க மருத்துவர் எல்லிசன் பியர்ஸ் முன்னின்று 1985-இல் மயக்க மருந்துப் பாதுகாப்புக்கெனத் தனி அறக்கட்டளையைத் தொடங்கினார். ஹார்வர்டு மருத்துவமனைகள் அதே காலத்தில் குறைந்தபட்ச விதிகளை வகுத்தன: மயக்க மருத்துவர் அரங்கை விட்டு அகலக்கூடாது, 5 நிமிடத்துக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் பார்க்க வேண்டும், குழாய் கழன்றால் ஒலியெழுப்பும் கருவி வேண்டும். 1986-இல் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கமும் இத்தகைய நெறிகளை ஏற்றது.

பின்னர் மயக்க மருந்து மரணங்கள் குறைந்ததற்குக் காரணமாக, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைச் சுட்டுவது இன்று வழக்கம். 1993-இல் டென்மார்க்கில் 20,802 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில், அக்கருவி ஆக்சிஜன் குறைவைப் பன்மடங்கு அதிகமாகக் காட்டிக்கொடுத்தது. ஆனால் இறப்பிலும் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மரணங்கள் மிக அரிதாகிவிட்ட பிறகு, அவ்வளவு பெரிய ஆய்வுக்கும் சிறு வேறுபாடு பிடிபடாது என்பது ஒரு விளக்கம். அந்த ஆண்டுகளில் மருந்து, பயிற்சி, இயந்திர அமைப்பு, பணிநெறி அனைத்தும் ஒருசேர மாறின; ஒரு கருவிக்கு மட்டும் பெருமையைப் பிரித்துக் கொடுக்கச் சான்று இல்லை.