தாலியத்தின் ஏலைட்டுகள்: ஓர் உலோகத்தின் இனம் துணியப்பட்ட வரலாறு

மூலகங்களுட் பல, கண்டறியப்பட்ட சில நாளிலேயே தம் இனத்தாரோடு வைத்து எண்ணப்பட்டன. தாலியமோ பத்தாண்டு கழியும்வரை எக்குடியைச் சார்ந்ததென்று தெளியப்படாதிருந்தது. அம்மயக்கத்தை விளைத்தவை அதன் ஏலைட்டுகள். பிற்காலத்தில் அதன் உண்மை இயல்பைப் புலப்படுத்தியவற்றுள் சேதனவுலோகச் சேர்வைகள் தலையாயவை.

புன்சனும் கேர்க்கோவும் நிறமாலைகாட்டியை இரசாயனவியலாரின் கருவியாக்கியதை அடுத்து, 1861 மார்ச்சில் இலண்டனில் வில்லியம் குறூக்ஸ் என்பார், ஜேர்மனியின் ஆர்ட்ஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த செலனியம் கலந்த தொழிற்சாலை மண்டியைச் சுவாலையிலிட்டுத் தெலூரியத்தைத் தேடினார். தேடியது கிட்டவில்லை; முன்னெவருங் காணாத பச்சைக்கோடு ஒன்று தோன்றியது. இளந்தளிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் தாலியம் என்ற பெயர் எழுந்தது. மறுவருடம் பிரான்சின் லில் நகரப் பேராசிரியர் லாமி, சல்பூரிக்கமிலத் தொழிற்சாலை மண்டியிலிருந்து குளோரைட்டைப் பெற்று, மின்பகுப்பால் உலோகத்தைக் கட்டியாகவே பிரித்தெடுத்து இலண்டன் சர்வதேசக் கண்காட்சியில் வைத்தார். பதக்கம் முதலில் லாமிக்கே அளிக்கப்பட்டது. குறூக்ஸ் வன்மையாக முறையிட்ட பின்னரே அவருக்கும் கிடைத்தது. மூலகத்தைக் கண்ட பெருமை ஒருவருக்கும், உலோகத்தைப் போதிய அளவிற் பெற்ற பெருமை மற்றவருக்கும் உரியன என்பதே நேர்மையான தீர்ப்பாகும்.

இவ்வுலோகம் எதனைப் போன்றது? கத்தியால் வெட்டத்தக்க மென்மையும், நீரின் பன்னிரு மடங்கை அணுகும் அடர்த்தியும் ஈயத்தை நினைவூட்டின. ஐதரொட்சைட்டோ நீரிற் கரைந்து வன்காரமாயிற்று. சல்பேற்று, பொற்றாசியத்தின் இடத்தை ஏற்றுப் படிகாரமாகவும் பளிங்குற்றது. பிரெஞ்சு அறிஞர் டூமா இதனைத் தாராவின் அலகும் உரோமமடர்ந்த உடலுங் கொண்ட அவுஸ்திரேலியப் பிராணிக்கு ஒப்பிட்டார். பொருத்தமான உவமை என்றே கூறவேண்டும்.

ஏலைட்டுகளை நோக்கின் மயக்கம் மேலும் மிகும். தாலியத்தின் சல்பேற்று அல்லது நைத்திரேற்றுக் கரைசலில் ஐதரோகுளோரிக்கமிலத்தை இட்டால் வெண்ணிற ஒருவலுக் குளோரைட்டு வீழ்படியும். அது வெள்ளிக் குளோரைட்டைப் போல ஒளியிற் கருமையடையும். ஆனால் அமோனியாவிற் கரைவதில்லை. தண்ணீரில் இலீற்றருக்குச் சுமார் 3 கிராமே கரையுமாயினும், கொதிநீரில் அதனினும் பன்மடங்கு கரைந்து, ஆறும்போது பளிங்குகளாகப் பிரியும். இது ஈயக் குளோரைட்டின் நடத்தை. புரோமைட்டு வெளிர்மஞ்சள். அயடைட்டு மஞ்சள், சுமார் 170 பாகை சதமவளவிற்கு மேல் அது சிவப்பாக மாறும். புளோரைட்டு மாத்திரம் நீரில் எளிதிற் கரையும். இது வெள்ளிப் புளோரைட்டின் வழி.

ஒருவலுக் குளோரைட்டை நீரிற் கலக்கிக் குளோரீனைச் செலுத்தினால், வீழ்படிவு கரைந்து முக்குளோரைட்டு உண்டாகும். அது நிலைப்பதரிது. சூடாக்க, குளோரீனை இழந்து பழைய குளோரைட்டாக மீளும். இடையில் இருவலுச் சேர்வை போன்ற ஒன்றும் தோன்றக்கூடும். உண்மையில் அதில் ஒருவலுத் தாலியமும் மூவலுத் தாலியமும் சேர்ந்தே உள. இதனினும் வியப்புடையது முவ்வயடைட்டு. மூன்று அயடீனைக் கண்டு மூவலுவென்று துணிதல் பிழை. அதில் தாலியம் ஒருவலுவோடு நிற்ப, அயடீன் அணுக்கள் மூன்றும் தம்முட் பிணைந்து ஓரயனாக அமைந்துள. சீசியமும் உரூபிடியமும் இவ்வாறே செய்வன.

ஆகவே 1869இல் மெந்தெலீவ் தமது முதல் அட்டவணையில் தாலியத்தைச் சீசியத்தின் பின் கார உலோகங்களோடு வைத்ததிற் குற்றங் காண்பதற்கில்லை. எனினும், 1871இல் அவரே அதனை மூன்றாங் கூட்டத்திற்கு மாற்றினார். அதியுயர் ஒட்சைட்டே மூலகத்தின் இடத்தைக் காட்டும் என்ற கொள்கை அங்கே வென்றது. 1873இல் குறூக்ஸ் அணுநிறையை 203.642 என நிறுவினார். இன்றைய பெறுமானம் 204.38. அதன்பொருட்டு வெற்றிடத்தில் நிறுத்தபோது கண்ட விபரீதங்களே அவரைக் கதிர்வீச்சுமானிக்கு இட்டுச் சென்றன என்பது தனிக்கதை.

மெந்தெலீவின் துணிபுக்குச் சேதனவுலோகச் சேர்வைகள் சிறந்த சான்றாயின. முக்குளோரைட்டோடு ஈரெதைல் நாகத்தைத் தாக்குவித்து, ஈரெதைல் தாலியக் குளோரைட்டு 1870இல் ஆக்கப்பட்டது. 1904இல் மேயரும் பேர்த்தைமும் கிரினாட்டின் மகனீசியச் சேர்வைகளைக் கொண்டு இவ்வகுப்பை விரித்தனர். நிலையற்ற முக்குளோரைட்டிலிருந்து பிறந்த இச்சேர்வைகள் காற்றையும் நீரையும் தாங்கி நிற்பன. காபன் அணுக்கள் இரண்டும் தாலியத்தின் இருபுறமும் ஒரே கோட்டில் அமைய, அவ்வயன் இரசத்தின் ஈரற்கைற் சேர்வைகளை ஒத்தது. அசேதனச் சேர்வைகளில் ஒருவலு மேலோங்க, காபனோடு சேர்ந்தவிடத்து மூவலுவே பெரும்பாலும் மேலோங்கியது. மும்மெதைல் தாலியத்தைக் கில்மனும் யோன்சும் 1946இல் ஆக்கினர். ஒருவலு அயடைட்டில் தொடங்கியும் மூவலுச் சேர்வையே கிட்டியமை கவனிக்கத்தக்கது. அது காற்றில் தீப்பற்றும் இயல்பினது. 1950களில் வந்த வளையபெந்தாதையீனைல் தாலியம் இதற்கு விலக்கு; அங்கே தாலியம் ஒருவலுவே.

இவ்விரட்டைத் தன்மைக்குச் சிட்ஜ்விக் 1927இல் சடத்துவச் சோடி எனும் கருத்தால் விளக்கந் தந்தார்: ஈற்றோட்டின் மூன்று இலத்திரன்களுள் இரண்டு பிணைப்பிற் பங்குகொள்ளத் தயங்குகின்றன என்பது அதன் சாரம். பாரமான அணுக்களில் இலத்திரனின் மிகுவேகமும் சார்புக் கொள்கையின் விளைவுகளும் இதற்குக் காரணமாதலைப் பின்னைய கணிப்புகள் காட்டின.

பொற்றாசியத்தோடு கொண்ட ஒப்புமை வெறும் ஏட்டளவினதன்று. ஒருவலுத் தாலிய அயனின் பருமன் பொற்றாசிய அயனின் பருமனை அடுத்திருத்தலால், உடற்கலங்கள் இரண்டையும் வேறுபிரித்தறியா. தலைமயிர் உதிர்ந்து, நரம்புகள் கெட்டு, மரணமும் நேரும். படர்தாமரை கண்ட குழந்தைகளின் தலைமயிரை நீக்கவே தாலிய உப்புகளை ஒருகாலத்து வைத்தியர் கொடுத்தனர், மாண்டோருமுளர். இந்நஞ்சேறியோருக்கு இன்று கொடுக்கப்படும் மருந்து, ஓவியர் நெடுங்காலம் கையாண்ட புருசிய நீலமாகும். அதன் பளிங்கமைப்பு, பொற்றாசியத்தின் இடத்தில் தாலியத்தை ஏற்றுக் குடலிலேயே பிணித்து வெளியேற்றுகிறது.