கசாயமும் கொயினாவும் கால்வாயும்

(நம் தோட்டங்களின் காய்ச்சல் வரலாறு)



விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, எந்த ராஜாவைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். ராஜாக்களின் வரலாறு பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நம் லயத்து வரலாற்றை யார் எழுதுவது என்று பிறகு தோன்றியது. ஆகவே காய்ச்சலைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். இந்த மண்ணுக்கு நம்மவர்கள் வந்த கதையைக் காய்ச்சலை விட்டுவிட்டுச் சொல்லவே முடியாது.

பிள்ளைக்கு உடம்பு சுட்டால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம். அடுத்தபடி அடுப்படிக்குப் போகிறோம். சுக்கு, மிளகு, துளசி, கொஞ்சம் பனைவெல்லம் போட்டுக் கொதிக்க வைக்கிறோம். என் பாட்டி பத்தாங் காலிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பால்மரம் வெட்டியே வளர்ந்தவர். அவருடைய அஞ்சறைப் பெட்டிதான் எங்கள் வீட்டு ஆஸ்பத்திரி. வயிற்று வலிக்கு ஓமம், சளிக்குத் தூதுவளை, தலைபாரத்துக்கு நொச்சி இலை ஆவி, காய்ச்சலுக்கு நிலவேம்பு. "மொதல்ல வீட்டு மருந்து, அப்புறம்தான் டிரஸ்ஸர்" என்பார். அந்தக் கையில் வளர்ந்தவள் நான். ஆகவே கைவைத்தியத்தைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அது எந்த இடத்தில் நம்மைக் காத்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்று வரலாறு சொல்வதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் கைவிட்ட கதை.

நூறு ஆண்டுகளுக்கு முன் காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில், கங்காணியோடு கப்பலேறி வந்தவர்களைப் புலியும் பாம்பும் கொன்றதை விடக் குளிர்க்காய்ச்சல் கொன்றதே அதிகம். அதாவது மலேரியா. ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு நடுங்கும், அனலாய்க் காயும், வியர்த்து விடும், மறுநாள் ஆள் எழுந்து நடப்பார், மூன்றாம் நாள் மறுபடியும் விழுவார். கெட்ட காற்று என்றார்கள், ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், காட்டு முனி அடித்துவிட்டது என்று பூசை போட்டார்கள். ஊரிலிருந்து கொண்டு வந்த நிலவேம்பும் வேப்பம்பட்டையும் கொதித்துக் கொண்டே இருந்தன. ஆட்கள் செத்துக் கொண்டே இருந்தார்கள்.

காரணம் தெரியவந்தது நம் தாய்நாட்டு மண்ணில்தான். 1897 ஆகஸ்ட் 20-ஆம் நாள், செகந்திராபாத்தில், ரொனால்ட் ராஸ் என்ற இராணுவ மருத்துவர் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்காக 1902-இல் நோபல் பரிசும் பெற்றார். கொசுதான் காய்ச்சலைச் சுமக்கிறது என்றால், கொசு பிறக்கும் இடத்தை ஒழித்தால் போதுமே!

இந்த எண்ணத்தை நம் சிலாங்கூரில் செய்து காட்டியவர் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர். 1901-இல் அவர் கிள்ளானுக்கு வந்தபோது ஊரே காய்ச்சலில் கிடந்தது. அதே ஆண்டில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (1972 முதல் இது போர்ட் கிள்ளான்) அதே நிலை. அவர் ஊரைச் சுற்றிய சதுப்புக் காட்டை வெட்டச் செய்தார். கால்வாய் தோண்டித் தேங்கிய நீரை வடியவிட்டார். இந்த இரண்டு ஊர்களிலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902-இல் 59 பேர். 1903-இல் 46 பேர். எண்ணிப் பாருங்கள். ஒரு மண்வெட்டி செய்த வேலையை ஆயிரம் குடம் கசாயம் செய்ததில்லை.

இனிமேல் வருவதுதான் உலு யாம்காரர்களான நாம் கவனிக்க வேண்டியது. கிள்ளான், காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர் எல்லாம் கடலோரச் சமநிலம். அங்கே காய்ச்சலைப் பரப்பிய கொசு நிழலில் கிடக்கும் சதுப்பு நீரில் முட்டையிடும் இனம். காட்டை வெட்டி நீரை வடித்தால் அது ஒழிந்துவிடும். ஆனால் நம் பக்கம் மலையடிவாரம். உலு யாம், பத்தாங் காலி, ரவாங் என்று எங்கே பார்த்தாலும் ஓடைகள். மலைத் தோட்டங்களில் அதே முறையைச் செய்து பார்த்தபோது காய்ச்சல் குறையவில்லை. சில இடங்களில் கூடவே செய்தது! ஏன் தெரியுமா? மலைப் பக்கத்துக் கொசு வேறு இனம். அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடை நீர்தான் தொட்டில். காட்டை வெட்டியதும் ஓடை மேல் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. சமநிலத்துக்கு மருந்தானது மலைக்கு விஷமாயிற்று. இதைக் கண்டுபிடித்த பிறகுதான் மலைத் தோட்டங்களில் மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடையை மறைக்கவும், நீரின் மேல் எண்ணெய் தெளிக்கவும் தொடங்கினார்கள்.

தோட்டங்களில் அந்தக் கால்வாயை வெட்டியதும், குழாயைப் பதித்ததும், எண்ணெய்த் தகரத்தை முதுகில் சுமந்து ஓடை ஓடையாகத் தெளித்ததும் நம் பாட்டன் பூட்டன்மார்தாம். வாட்சனுக்குப் பின்னாளில் 'சர்' பட்டம் கிடைத்தது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இந்த மலரிலாவது அவர்களை ஒரு கணம் நினைத்துக் கொள்வோம்.

கால்வாயோடு கொயினாவும் வந்தது. காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது வரிசையாக வாயைத் திறக்கச் சொல்லிக் கொயினாத் தண்ணீர் ஊற்றுவார்களாம். கசப்புத் தாங்காமல் மறைவில் போய்த் துப்பியவர்களும் உண்டு என்று தன் அப்பா சொன்னதைப் பாட்டி சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தக் கொயினா என்ன? அதுவும் ஒரு மரப்பட்டைதான்! தென்னமெரிக்க மலைகளில் வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டை. 1820-இல் பிரெஞ்சு நாட்டு வேதியியலார் இருவர் அதிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். நம் தமிழ்நாட்டு நீலகிரியில் நடுவட்டத்திலும் அந்த மரத்தைப் பயிரிட்டு, அரசாங்கமே கொயினாத் தொழிற்சாலை நடத்தியது. ஆக, இயற்கை மருந்து ஒரு பக்கம், இங்கிலீஷ் மருந்து ஒரு பக்கம் என்று நாம் போடும் சண்டைக்கு அர்த்தமில்லை. எந்தப் பட்டை, எந்த நோய்க்கு, எவ்வளவு என்று சோதித்துப் பார்த்தார்களா இல்லையா என்பதே கேள்வி.

கொயினா இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஜப்பான்காரன் காலம் காட்டியது. உலகத்துக் கொயினாவில் பெரும்பகுதி ஜாவாத் தீவில் விளைந்தது. 1942 மார்ச்சில் ஜாவாவே ஜப்பானியர் கைக்குப் போயிற்று. தோட்டங்களில் மருந்துக்குப் பஞ்சம் வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துப் போகப்பட்ட நம்மவர்களை அடியும் பசியும் மட்டுமா கொன்றன? மலேரியாவும் காலராவும் வயிற்றுப்போக்கும் கொத்துக் கொத்தாய்க் கொண்டு போயின. பாட்டி அப்போது எட்டு வயதுச் சிறுமி. "வேப்பங்கொழுந்த அரைச்சு அரைச்சு எங்கம்மா கையே பச்சையா போச்சு. ஆனா தம்பி போயிட்டான்" என்று ஒரே ஒருமுறை சொன்னார். மறுபடி நான் கேட்டதில்லை.

இப்போது, நம் பழக்கம் நம்மைக் காத்த கதையையும் சொல்ல வேண்டும்.

அதே காலத்தில் இந்நாட்டில் பெரிபெரி என்று ஒரு நோய் இருந்தது. கால் வீங்கும், மரத்துப் போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக மாண்டார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கோ அது மிகக் குறைவு. ஏன் என்று மருத்துவர்கள் தலையைப் பிய்த்துக் கொண்டார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் சோற்றுப் பானையைப் பார்த்தார். அவர்கள் தின்றது தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நாம் தின்றது புழுங்கல் அரிசி! பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பிரிவினருக்கு வெள்ளரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்து, 1907-இல் முடிவை வெளியிட்டார். வெள்ளரிசி உண்டவர்களிடையேதான் பெரிபெரி பரவியது. 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் அதை மேலும் ஆராய்ந்து உறுதி செய்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமாருக்கு உயிர்ச்சத்து என்ற சொல்லே தெரியாது. ஆனால் அவர்கள் பானை அதை அறிந்திருந்தது.

இன்னொன்று கஞ்சி. 1971-இல் வங்காள தேச அகதி முகாமில் காலரா பரவி, ஊசி வழி ஏற்றும் நீர் தீர்ந்து போனபோது, திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காத்தார். பின்னர் அரிசிக் கஞ்சியில் உப்புச் சேர்த்த நீரும் அதே வேலையைச் செய்யும் என்று ஆராய்ந்து கண்டார்கள். ஆகவே வயிற்றுப்போக்குக்கு உப்புக் கஞ்சி கொடுத்த பாட்டி சரியான பாட்டிதான். கிளினிக்கில் கொடுக்கும் உப்புப் பொட்டலம் கையில் இல்லாத நேரத்தில் இதைச் செய்யுங்கள்: கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், தேக்கரண்டியில் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. உப்பைக் கூட்டிவிடக் கூடாது.

சரி, இன்றைய கதைக்கு வருவோம். 1967-இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் பயனாக, 2018 முதல் மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் மலேரியா இந்நாட்டில் உள்ளூரில் தோன்றவில்லை. குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் மலேரியா மட்டும் காட்டோரத்தில் இன்னும் உண்டு. நமக்குப் பின்னாலிருப்பதும் காடுதான். அதைவிடப் பெரிய எதிரி இப்போது டெங்கு. அந்தக் கொசுவுக்கு ஓடையும் வேண்டாம், சதுப்பும் வேண்டாம். பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத பீப்பாய் போதும். வாட்சனின் கால்வாய் இன்று நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகனுக்குக் காய்ச்சல். பப்பாளி இலைச்சாறு கொடுத்தோம், நிலவேம்பு கொடுத்தோம். மூன்றாம் நாள் உடம்பு குளிர்ந்தது. "பார்த்தியா, வீட்டு மருந்து கேட்டுருச்சு" என்று சந்தோஷப்பட்டவளே நான்தான், படித்த டீச்சர்! அன்றிரவு பையன் வயிற்றைப் பிடித்துக் கொண்டு சுருண்டான். விடாமல் வாந்தி. கை கால் சில்லிட்டுப் போயிற்று. தூக்கிக் கொண்டு ஓடினோம். "காய்ச்சல் இறங்கும்போதுதாம்மா டெங்குவில் ஆபத்தே ஆரம்பிக்குது" என்றார் டாக்டர். ஐந்து நாள் தீவிர சிகிச்சை. பிள்ளை பிழைத்தான். அந்த ஐந்து நாளில் என் அண்ணி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பப்பாளி இலை வீண் என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரே டெங்கு நோயாளிகளுக்கு அந்தச் சாற்றைக் கொடுத்து ஆராய்ந்து, இரத்தத் தட்டணுக்கள் விரைவாகக் கூடின என்று 2013-இல் வெளியிட்டார்கள். ஆனால் அந்த நோயாளிகள் ஆஸ்பத்திரியில், மருத்துவர் கண்ணெதிரே இருந்தவர்கள். நாங்கள் சாற்றை எடுத்துக் கொண்டோம், மருத்துவரை விட்டுவிட்டோம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள் பெரியோர். நம் பக்கத்துக் காய்ச்சலுக்கு மூன்று நாளே அதிகம். இரண்டாம் நாளும் காய்ந்தால் இரத்தப் பரிசோதனைக்குக் கிளினிக் போய்விடுங்கள். கைக்குழந்தையானால் அன்றைக்கே போங்கள். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், பிள்ளை துவண்டு போவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். காய்ச்சலுக்குப் பராசிட்டமால் மட்டும் போதும், ஆஸ்பிரின் வேண்டாம். பச்சிளங் குழந்தை மூக்கில் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள், அது நுரையீரலுக்குள் இறங்கும். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்காதீர்கள். மற்றபடி சுக்குக் கசாயமும், தூதுவளை ரசமும், உப்புக் கஞ்சியும், நெற்றியில் வைக்கும் கையும் நம் சொத்து. அவற்றை விட்டுவிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று பரிசு வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போனதும், வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். தண்ணீர் நிற்கும் டப்பாவையெல்லாம் கவிழ்த்து வையுங்கள். பிறகு பாட்டியிடம் உட்கார்ந்து, அந்தக் காலத்துக் காய்ச்சல் கதையைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். கால்வாய் வெட்டியவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அந்த இரண்டும்தான்.