பெட்டிக்குள் இட்ட பஞ்சு

யாழுக்குப் பத்தர் உண்டு. வீணைக்குக் குடம் உண்டு. இரண்டும் உள்ளே வெறுமையாய் இருப்பதனாலேயே பாடுகின்றன. பொருநராற்றுப்படை யாழின் பத்தலையும் அதனைப் போர்த்த தோலையும் உறுப்பு உறுப்பாக வருணிப்பதைத் தமிழாசிரியர் அறிவர். விபுலாநந்த அடிகளாரின் யாழ்நூல் 1947-இல் வெளிவந்தபின், இக்கருவிகளை ஒலிநூற் கணக்கோடு பார்க்கும் வழக்கமும் நம்மிடையே வேரூன்றியது. தஞ்சையில் வீணை செய்வோர் பலாமரத்தைக் குடைந்து குடம் ஆக்குவர். அக்குடத்துள் எவரேனும் பஞ்சை அடைத்தால் அவரைப் பித்தர் என்றே சொல்வோம்.

ஆயினும், வீட்டிலிருந்தே ஒலிபெருக்கிக்குப் பெட்டி செய்வோர் அதனைத்தான் செய்கின்றனர். பலகையை அறுத்து, பசை தடவி, ஆணி அடித்து, உள்ளே பஞ்சோ கம்பளியோ இட்டு மூடுகின்றனர். இதில் முரண் ஒன்றுமில்லை. வீணைக்குடம் தன் குரலையும் நரம்பின் குரலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியோ பிறர் குரலைச் சுமப்பது. அதற்கெனத் தனிக்குரல் இருத்தல் ஆகாது.

இன்று நாம் காணும் ஒலிபெருக்கியின் மூலவடிவத்தை 1925-இல் அமெரிக்கரான ரைஸ், கெலாக் என்னும் இருவர் வெளியிட்டனர். காந்தத்தின் இடையே கம்பிச்சுருள் அசைய, அதனோடு ஒட்டிய தாள் கூம்பும் அசைந்து காற்றை உந்தும். இதில் ஓர் இடர் உண்டு. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே பின்னலையைப் பெட்டிக்குள் சிறைவைத்தனர். சிறைப்பட்ட ஒலி சும்மா இருக்குமா? பலகைக்குப் பலகை மோதித் திரும்பி, மெல்லிய கூம்பின் வழியே காலந்தாழ்த்தி வெளியே வருகிறது.

உள்ளகலம் ஓர் அடி உள்ள பெட்டியில், எதிரெதிர்ப் பலகைகளுக்கிடையே வினாடிக்கு ஏறத்தாழ 570 அதிர்வில் ஒரு நிலையலை எழும். மனிதக் குரலில் உயிரெழுத்துகளின் முதன்மையான ஒலித்திரட்சி நிலவும் இடங்களுள் இதுவும் ஒன்று. பாடுவோர் நிறுத்தியபின்னும் பெட்டி சற்றே இழுக்கும். குறிலுக்கும் நெடிலுக்கும் மாத்திரை கணக்கிடும் மொழியில் இது சிறு குற்றம் அன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், மலாயாவின் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் ஊரார் கூடிக் கேட்பதற்கென வானொலிகள் வைக்கப்பட்டன. லயத்து மக்கள் பலர் செய்தித் தமிழைக் கேட்டுப் பழகியது அத்தகைய பெட்டிகளின் வாய்வழியேதான். பெட்டி முழங்கினால் சொல் மங்கும். மங்கிய சொல்லையே பிள்ளைகளும் கற்பர்.

ஒலியைப் பஞ்சு விழுங்கும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து வாலஸ் சபீன். 1895-இல் அங்கிருந்த ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபத்தில் ஒரு சொல் ஏறத்தாழ ஐந்தரை வினாடி எதிரொலித்துக்கொண்டிருந்தது. ஆசிரியர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும்போது முந்தைய வாக்கியம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்! சபீன் அண்டையிலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து பரப்பி, ஆர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. 1900-இல் திறந்த பாஸ்டன் இசையரங்கம் அவர் கணக்கின்படி எழுந்தது. நார்களின் நெருக்கத்தில் காற்று உரசி, ஒலியின் ஆற்றல் சிறு வெப்பமாக மாறுகிறது, விந்தை அவ்வளவே.

ஆனால் பெட்டிக்குள் பஞ்சு இன்னொரு வேலையும் செய்கிறது. அதன் வேர் நியூட்டனின் பிழையில் இருக்கிறது. 1687-இல் அவர் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 968 அடி எனக் கணக்கிட்டார். அளந்து கண்டதோ 1,100 அடிக்கு மேல். ஒலி செல்லும்போது காற்று நெருங்கிச் சூடேறுகிறது, விரிந்து குளிர்கிறது. அவ்வெப்பம் வெளியேற நேரமில்லாமையால் காற்று மேலும் விறைப்பாகிறது என்று 1816-இல் லாப்லாசு விளக்கினார். நியூட்டன் வெப்பம் மாறாது எனக் கொண்டதே தவறு. பெட்டியில் நாரை நிரப்பினால் என்ன ஆகும்? காற்றின் சூட்டை நார் வாங்கிக்கொண்டு மீண்டும் கொடுக்கிறது. தாழ்ந்த ஒலிகளுக்கு அங்கே காற்றின் வெப்பம் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. 1687-இல் பொய்த்த கணக்கு பஞ்சுப் பெட்டிக்குள் மெய்யாகிவிடுகிறது! காற்றின் விறைப்பு தளர்வதனால், சிறிய பெட்டி பெரிய பெட்டிபோல் நடக்கும். கணக்கின்படி எல்லை நூற்றுக்கு 40. நடைமுறையில் கிடைப்பது ஏறத்தாழ அதிற் பாதி.

மூடிய பெட்டிக் காற்றையே கூம்புக்கு வில்லாக்கும் கருத்துக்கு ஆர்.சி.ஏ. நிறுவனத்து ஹாரி ஓல்சன் தம் துணைவருடன் 1949-இல் காப்புரிமை பெற்றார். அதனை வீடுதோறும் கொண்டுசேர்த்தவர் எட்கர் வில்ச்சர். நியூயார்க்கில் கற்பித்துவந்த இவர், 1954-இல் தம் மாணவர் ஹென்றி குளோசுடன் சேர்ந்து, அலமாரியளவு இருந்த பெட்டியை நூலடுக்கில் அடங்குமாறு சுருக்கினார். உள்ளே இட்டது கண்ணாடி நார். 1965-இல் பிராட்போர்டைச் சேர்ந்த ஆர்தர் பெய்லி வேறு வழியில் சென்று, மடித்த நீண்ட குழாயில் நீள்மயிர்க் கம்பளியை அடைத்தார். கம்பளிக்குப் பேர்பெற்ற ஊரில் கம்பளி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை! கன அடிக்கு ஏறத்தாழ அரை ராத்தல் போதும். திணித்தால் காற்றுக்கு இடமின்றிப் பயன் கெடும்.

சுங்கை ஊடாங் போன்ற மலாக்கா ஊர்களில் கண்ணாடி நாரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மலாய்க் கிராமங்களின் கெகாபு மரமே நம் இலவமரம். கிளி காத்த அந்தப் பஞ்சு, தலையணைக்குள் உறங்குவதைவிட இவ்வேலைக்கு நன்கு பொருந்துவது. அதன் இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்றடைத்த மெல்லிய குழல். மேலே மெழுகுப் பூச்சு உள்ளமையால் நம் நாட்டு ஈரக் காற்றிலும் பருத்திபோல் நனைந்து கட்டியாவதில்லை. குறையும் உண்டு. இழை நொய்ம்மையானது; ஆண்டுகள் சென்றால் துகளாகிக் கம்பிச்சுருளின் இடுக்கில் புகும். எளிதில் தீப்பற்றும். ஆகவே மெல்லிய துணிப்பையில் தைத்தே இட வேண்டும்.

பலகையோடு பலகையாய் முட்டை அட்டைகளை ஒட்டி மனநிறைவு அடைவோரும் உளர். மெல்லிய அட்டையால் பெரும்பயன் விளையாது. தவிர, பலகையை ஒட்டிய காற்று அசைவதேயில்லை. அசையாத காற்றை எந்த நாரும் அடக்க முடியாது. அசைவு மிகுவது பெட்டியின் நடுவில். பஞ்சுப்பை தொங்க வேண்டிய இடமும் அதுவே, கூம்பின் முதுகைத் தொடாமல்.