‘நீங்கலாக’: ஒரு சட்டச் சொல்லும் அறிவுசார் குறைபாடுடையோரின் வாழ்விடமும்

அறிவுசார் குறைபாடுடைய ஒருவர் வளர்ந்து ஆளானபின் எங்கே, யாருடன், யார் துணையோடு வாழ்வது? இந்தியச் சட்டங்கள் இக்கேள்விக்குத் தந்த விடை, அவரை எந்தச் சொல்லின்கீழ் வைத்தன என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைந்தது. அச்சொற்களின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், பராமரிப்பின் தரம் என்பதைக் காலந்தோறும் எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பதும் புலப்படும்.

1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம், ‘லூனடிக்’ என்பதற்கு ‘இடியட்’ அல்லது சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று பொருள் வரையறுத்தது. ‘இடியட்’ அன்று சட்டக் கலைச்சொல். பிறவியிலிருந்தே அறிவு வளர்ச்சி குன்றியவரைக் குறித்தது. நோயால் மனம் பிறழ்ந்தவரும், நோய் ஏதுமின்றி வளர்ச்சியில் வேறுபட்டவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கினர். எனவே இருவருக்கும் சட்டம் காட்டிய வாயிலும் ஒன்றாகவே இருந்தது. சேர்க்கை, காவல், சொத்து நிர்வாகம் ஆகியவையே அச்சட்டத்தின் முதன்மைக் கவலைகள்.

1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இந்தப் பிணைப்பை அறுத்தது. மனநோயாளர் என்பவர், ‘மனவளர்ச்சிக் குறைபாடு நீங்கலாக’ வேறு மனக்கோளாறு எதற்கேனும் சிகிச்சை தேவைப்படுபவர் என்று அது வரையறுத்தது. ‘நீங்கலாக’ என்ற சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. மருத்துவமனை இவர்களுக்குரிய இடம் அன்று என்பது அதன் ஒரு முகம். அப்படியானால் எது உரிய இடம் என்று சொல்லாத மௌனம் மற்றொன்று.

அந்த மௌனத்தைப் பெரும்பாலும் குடும்பங்களே சுமந்தன. ‘எங்களுக்குப் பின் யார்?’ என்பது பெற்றோரின் தீராத கேள்வி. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், இல்லங்கள் பதிவுச் சான்று பெற வேண்டும் என்றது. வசதிகளும் தர நிலைகளும் சான்றுக்கு நிபந்தனைகளாயின. தரத்தை அளக்கும் கோல் காவலிலிருந்து கட்டடத்துக்கு நகர்ந்தது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பெற்றோரின் கேள்விக்கு நேரடியாக விடை தேடியது. இயன்ற அளவு தற்சார்போடும் முழுமையாகவும், தம் சமூகத்துக்குள்ளும் அதற்கு அணுக்கமாகவும் வாழ வகைசெய்வது அதன் முதல் நோக்கம். ஆட்சியர் நிலை அலுவலர், பதிவுபெற்ற தொண்டு அமைப்பின் சார்பாளர், மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். ஆயினும் விடையின் மையத்தில் நின்றவர் பாதுகாவலரே. முடிவெடுப்பவர் இன்னும் வேறொருவர்தான்.

‘நீங்கலாக’ என்ற சொல்லின் முழு ஆற்றல் 2009இல் வெளிப்பட்டது. சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் வாழ்ந்த பெற்றோரற்ற இளம்பெண் ஒருவர், அங்கேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றிருந்தார். அவருக்கு இலேசான அறிவுசார் குறைபாடு. குழந்தையைப் பெற்றெடுக்கவே அவர் விரும்பினார். அவருடைய நலன் கருதிக் கருவைக் கலைக்கலாம் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் ஜூலையில் அதைத் தடுத்து, ஆகஸ்ட் 28 அன்று காரணங்களை விரித்துரைத்தது. ‘சுசிதா ஸ்ரீவாஸ்தவா எதிர் சண்டிகர் நிர்வாகம்’ என வழங்கும் தீர்ப்பு அது.

தீர்ப்பின் அச்சாணி ஒரு வரையறையே. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், ‘லூனடிக்’ ஒருவருக்காகப் பாதுகாவலரே ஒப்புதல் தரலாம் என்றது. அச்சொல்லின் பொருளை 1912ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து பெற்றது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விடத்தில் ‘மனநோயாளர்’ என்ற சொல்லை, 1987இன் அதே விலக்கோடு அமர்த்தியது. பழைய சொல் நீடித்திருந்தால், பாதுகாவலரின் ஒப்புதலே போதும் என்று வாதிட வழி இருந்திருக்கும். சொல் மாறியதால் அவருடைய ஒப்புதல் இன்றியமையாததாயிற்று. குழந்தை வளர்ப்பு உட்பட அவருக்குத் துணைநிற்கத் தேசிய அறக்கட்டளை முன்வந்ததையும் நீதிமன்றம் கருத்திற்கொண்டது. துணை தேவைப்படுவதால் ஒருவர் முடிவெடுக்கும் உரிமையை இழப்பதில்லை. துணையுடன் வாழ்தல் என்ற கருத்தின் சாரமே இதுதான்.

இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பும் இதையே சொல்கிறது: எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமை மாற்றுத்திறனாளிக்கும் உண்டு, குறிப்பிட்ட வாழ்விடம் எதையும் அவர்மீது சுமத்தலாகாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அவ்வுரிமையை ஏற்றது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த அரசு ‘முயல வேண்டும்’ என்றே எழுதியது. ஒரு வினைச்சொல்லில் கடமை தளர்ந்தது.

அத்தளர்ச்சியின் விலை சிறிதன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, இப்பிரிவில் மட்டும் 15 லட்சம் பேரைப் பதிவுசெய்தது. 2024 ஜூலையில், டெல்லி ரோகிணியில் உள்ள ஆஷா கிரண் அரசு இல்லத்தில் ஒரே மாதத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். குடிநீரைச் சோதிக்குமாறும் நெரிசலைக் குறைக்குமாறும் உயர் நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. கட்டடம் என்ற பழைய அளவுகோலைக்கூட நாடு இன்னும் எட்டவில்லை.

எட்டினாலும் அது போதாது. படுக்கைகளும் கழிப்பறைகளும் எண்ணக்கூடியவை. ஆய்வுப் படிவத்தில் எளிதாக அடங்குபவை. இரவு உணவு என்ன என்பதை முடிவுசெய்தவர் யார், அறைக் கதவை உள்ளிருந்து தாழிட முடியுமா, சில சொற்களும் சைகைகளும் மட்டுமே கொண்டு பேசும் ஒருவரின் மறுப்பை மறுப்பென்று அறியும் அளவுக்குப் பணியாளர் நிலைத்திருக்கிறாரா என்பவை அப்படி அடங்குவதில்லை. அத்தகைய மொழி அகராதியில் இல்லை, உடன்வாழ்ந்து கற்கப்படுவது. பணியாளர் மாறுந்தோறும் அது அழிகிறது, அதனோடு அவருடைய ஒப்புதலும் மறுப்பும் கேட்கப்படாமற்போகின்றன. தீர்ப்பு அளித்த உரிமை, ‘வேண்டாம்’ என்பது விளங்காத வீட்டில் வெற்று எழுத்தாகவே நிற்கும்.