மறுமொழியின் இடம்: இணைய விவாதங்களில் இழை உருவான வரலாறு

நேரில் பேசும்போது யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்ற ஐயம் எழுவதில்லை. கணினித் திரையில் நூறு பேர் வெவ்வேறு நேரங்களில் எழுதும்போது அந்தத் தெளிவு மறைகிறது. ஆகவே ஒவ்வொரு மறுமொழியும் எங்கே அமர வேண்டும் என்பதை நிரலை எழுதுபவர் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. ஏறத்தாழ 50 ஆண்டுகளாக அந்த முடிவு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. யாருடைய எழுத்து படிக்கப்படும், யாருடையது அடியில் புதைந்துபோகும் என்பதும் அதனோடு சேர்ந்தே மாறியது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி அமைப்பு இருந்தது. அதன் பயனர்கள் பிழைகளை ஒரு பொதுக் கோப்பில் எழுதிவந்தனர். அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். எழுதியவர் இன்னார் என்று உறுதிசெய்ய வழியில்லை. 1973இல், 17 வயதான டேவிட் வூலி இதற்கு மாற்றாக 'நோட்ஸ்' என்ற நிரலை எழுதினார். ஒவ்வொரு குறிப்பிலும் பெயர், நாள், நேரம் ஆகியவை தாமாகப் பதிவாயின. குறிப்புக்கு வந்த பதில்கள், 63 வரை, வந்த வரிசையிலேயே அதன் பின்னால் நின்றன. ரேஷன் கடை வரிசை போலத்தான்: மூன்றாம் ஆளுக்குச் சொல்லும் பதிலும் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும். பிளேட்டோவில் பழகிய ரே ஆஸி பின்னர் உருவாக்கிய லோட்டஸ் நோட்ஸ் (1989) பெயரையும் கருத்தையும் இங்கிருந்தே பெற்றது.

யூஸ்நெட்டில் இந்த வரிசை முறை எடுபடவில்லை. டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் 1979இல் திட்டமிட்ட இந்த வலையமைப்புக்கு நடுக்கணினி என்று ஒன்று கிடையாது. ஒரு கணினி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து மடல்களைக் கைமாற்றும்; அது வேறொன்றை அழைக்கும். எனவே கேள்வி வந்துசேர்வதற்கு முன்பே அதன் பதில் வந்துவிடுவதுண்டு. சில வேளை கேள்வி வராமலே போகும். முந்தைய மடலின் வரிகளைக் கூர்முனைக் குறியிட்டு எடுத்தெழுதும் வழக்கம் இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. படிப்பவரிடம் மூலமடல் இருக்கும் என்று நம்பி எழுத முடியாது.

இச்சிக்கலுக்குக் கிடைத்த தீர்வு எளிமையானது. ஒவ்வொரு மடலுக்கும் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளக் குறி தரப்பட்டது. பதில் மடல், தான் எந்த மடல்களின் வழியில் வந்தது என்பதை அவற்றின் குறிகளால் தன் தலைப்பகுதியில் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் பாட்டன், தகப்பன் பெயர்களைப் போடுவது போல. 1987 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி 1036 என்ற வரையறை, தொடர்மடல்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. புதுப்பொருளைத் தொடங்கும் மடலில் இது இருக்கக் கூடாது என்றும் விதித்தது. (தலைப்பில் வரும் 'ரீ' என்பதைப் பதில் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது 'பொருள்' என்னும் இலத்தீன் சொல்லின் வடிவம். நம் அலுவலகக் கடிதங்களில் 'பொருள்:' என்று எழுதுகிறோமே, அதேதான்.)

குறிகள் இருந்தாலும் தொடக்கத்தில் எல்லா நிரல்களும் அவற்றைக் கொண்டு மரம் வரைந்து காட்டவில்லை. லாரி வால் 1984இல் எழுதிய 'ஆர்என்' ஒரே தலைப்புள்ள மடல்களைத் தொடர்ந்து படிக்க உதவியது. வேய்ன் டேவிசன் அதை விரிவாக்கிய 'டிஆர்என்' கிளைகளைத் திரையில் காட்டியது. நெட்ஸ்கேப் மடல் நிரலுக்காக ஜேமி ஜவின்ஸ்கி வகுத்த முறை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் ஒரு நுட்பம் உண்டு. தாய்மடல் தொலைந்துபோயிருந்தால், அதன் இடத்தில் ஒரு வெற்றுக் கலம் வைக்கப்படும். பார்த்திராத தாயின் பெயரால் அதன் பிள்ளைகள் ஒன்றாகவே இருக்கும்.

வலைத்தளங்களின் காலத்தில் மடல் தொலையும் சிக்கல் தீர்ந்தது, கூட்டம் சிக்கலானது. ஆயிரம் பதில்களில் எதை மேலே வைப்பது? ரெடிட் தளத்தில் ஆதரவு வாக்குகளிலிருந்து எதிர்ப்பு வாக்குகளைக் கழித்து வரிசைப்படுத்தினார்கள். இதில் முந்தி வந்தவருக்கே ஆதாயம்: மேலே இருப்பதால் பலர் படிக்கிறார்கள், படிப்பதால் வாக்கு சேர்கிறது, சேர்வதால் மேலேயே இருக்கிறது. தாமதமாக வந்த நல்ல பதிலுக்கு வழியே இல்லை. 2009இல் அங்கே ஒரு புதிய வரிசைமுறை வந்தது. அதன் அடிப்படை, எட்வின் வில்சன் 1927இல் வெளியிட்ட புள்ளியியல் சூத்திரம். 200 ஆதரவும் 100 எதிர்ப்பும் பெற்ற பழைய பதிலையும், 19 ஆதரவும் 1 எதிர்ப்பும் பெற்ற புதிய பதிலையும் எடுத்துக்கொள்வோம். கழித்தல் கணக்கில் 100க்கு 18 என்று பழையது வெல்லும். வில்சன் முறையோ, இதுவரை கிடைத்த வாக்குகளை வைத்து உண்மையான ஆதரவு விகிதம் குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று கேட்கிறது. 95 விழுக்காடு நம்பகத்தில் பழையதற்கு ஏறத்தாழ 0.61, புதியதற்கு 0.76. புதியது மேலேறும். இணையம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு எழுதப்பட்ட கணக்கு, பிந்தி வந்தவருக்கு நீதி செய்தது.

மரமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட் 2012இல் கிளை முறையை எதிர்த்து எழுதினார். கிளைகளின் நடுவே முளைக்கும் புதிய பதிலைத் திரும்பி வருபவர் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் தந்த காரணங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு வெளியான அவருடைய டிஸ்கோர்ஸ் மென்பொருள், வூலியின் நேர்வரிசைக்கே பெரும்பாலும் திரும்பியது.

விக்கிப்பீடியா இவை எவற்றையும் பின்பற்றவில்லை. தமிழ் விக்கிப்பீடியா உட்பட, அதன் பேச்சுப் பக்கம் வெறும் தொகுக்கத்தக்க பக்கம்தான். பதில் எழுதுபவர் வரியின் தொடக்கத்தில் முக்காற்புள்ளி இட்டு உள்தள்ளி, இறுதியில் நான்கு அலைக்குறிகளால் ஒப்பமிடுவார். பதிலுக்குப் பதில் என்றால் இரண்டு முக்காற்புள்ளிகள். விவாதம் நீண்டால் எழுத்து வலப்பக்கம் ஒதுங்கி ஒல்லியான பத்தியாகிவிடும். அப்போது யாராவது மீண்டும் இடது ஓரத்திலிருந்து தொடங்குவார். உண்மையில் அந்த முக்காற்புள்ளி சொற்பொருள் பட்டியலுக்காக வைத்த குறி. உள்தள்ளல் அதன் துணைவிளைவு. இப்போது அங்கே பதிலளிக்கத் தனிப் பொத்தான் வந்துவிட்டது. அதை அழுத்தினால் நிரல் பழைய முக்காற்புள்ளிகளை எண்ணி, கூடுதலாக ஒன்றை இட்டுக்கொள்கிறது.