வீட்டுக்குள் ஓடும் ரயிலும் ஒரு தண்டவாள மூட்டும்



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்களிடம், "பொம்மை ரயிலைப் பத்தி எழுதட்டுமா?" என்றேன். சிரித்துவிட்டார்கள். "சிரிக்காதீங்கப்பா, நாம படிச்ச பாடம் பாதி அதுக்குள்ளதான் இருக்கு" என்றேன்.

முதலில் பெரிய ரயில். ஆரம்ப காலத்தில் இரண்டு தண்டவாள முனைகளும் ஒரே வார்ப்பிரும்புத் தாங்கியின் மேல் வெறுமனே சந்தித்துக்கொண்டன. வண்டி ஓட ஓட மூட்டு தளர்ந்தது. 1847-ல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸும் ராபர்ட் ரிச்சர்ட்சனும், இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து மூட்டைப் பிணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதுதான் 'பிஷ் பிளேட்'. மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கப்பல் பாய்மரத்துக்கு வலுவூட்ட வைத்துக் கட்டும் கட்டைக்கு மாலுமிகள் சொன்ன பெயர். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் முனைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டார்கள். நாம் கேட்டு வளர்ந்த 'தடக் தடக்' அந்த இடைவெளியின் சத்தம்தான்.

இனி பொம்மை ரயில். 1891-ல் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம், லைப்ஸிக் சந்தையில், அளவு நிர்ணயித்து, வேண்டுமளவு கூட்டிக்கொண்டே போகக்கூடிய தண்டவாளத்தை வைத்தது. தகரத்தை மடித்துச் செய்த தண்டவாளத்தின் முனையில் ஒரு ஊசி. அது அடுத்த துண்டின் துளைக்குள் போகும். சாவி கொடுத்து ஓடும் வண்டிக்கு அந்தப் பிடிப்பே போதும். மின்சாரம் வந்தபிறகு மூட்டுக்கு இரண்டு வேலை: பிடிக்கவும் வேண்டும், மின்சாரத்தைக் கடத்தவும் வேண்டும்.

1968-ல் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியில் லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெரிய அளவு ரயிலை அறிமுகம் செய்தது. தண்டவாள அகலம் 45 மி.மீ., அளவு விகிதம் 1:22.5. பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு மீட்டர்! எழும்பூரில் மீட்டர் கேஜ் வண்டி ஏறி ஊருக்குப் போன நமக்கு இது சொந்த ரயில் மாதிரி. இதில் பித்தளைத் தண்டவாளத்தின் அடிப்பகுதியைப் பித்தளைத் தகட்டு இணைப்பான் கவ்விக்கொள்ளும்.

என் மாடி அறையிலும் அப்படி ஒரு பாதை உண்டு. ஒரு நாள் எஞ்சின் தூரத்து மூலையில் திணறியது. "தாத்தா, வண்டிக்கு மூச்சு வாங்குது" என்றான் பேரன். நான் மோட்டாரைக் கழற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். கடைசியில் வோல்ட் மீட்டரை வைத்தால், கோளாறு மூட்டுகளில்! பித்தளை கறுத்து, இணைப்பான் தளர்ந்திருந்தது. கணக்கு எளிது. ஒரு மூட்டின் தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும் தண்டவாளத்தில் 10 மூட்டு, திரும்பும் தண்டவாளத்தில் 10 மூட்டு. மொத்தம் ஒரு ஓம். எஞ்சின் 2 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 2 வோல்ட் போய்விடும்.

உப்புத்தாளால் தேய்த்து, இணைப்பானை இறுக்கினேன். சில மூட்டுகளைச் சால்டர் செய்தேன். வீட்டுக்குள்தானே என்று எல்லாவற்றையும் பற்றவைத்துவிடக் கூடாது. 10 மீட்டர் பித்தளை, 15 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 3 மி.மீ. நீளும், நம் ஊர் மொட்டைமாடி அறையில் அது பெரிய விஷயமில்லை. அதனால் இடையிடையே ஒரு மூட்டை நகரும்படி விட்டு, அதன் மேல் வளையும் கம்பியால் மின் இணைப்பு மட்டும் கொடுத்தேன். வண்டி இப்போது மூச்சு வாங்குவதில்லை.

லேமன் நிறுவனம் 2006-ல் திவாலானது. 2007-ல் மெர்க்லின் அதை வாங்கியது. முதலாளி மாறியும் 45 மி.மீ. மாறவில்லை. அன்றைய துண்டோடு இன்றைய துண்டு இணைகிறது.

மாணவச் செல்வங்களே, எஞ்சினைக் குறை சொல்லுமுன் மூட்டைப் பாருங்கள். நண்பர்களே, நம் சங்கமும் ஒரு மூட்டுதான். அவ்வப்போது துடைப்போம், கொஞ்சம் இடைவெளியும் விடுவோம். அடுத்த சந்திப்பில் பார்ப்போம்!