கண்ணீர்ப்பை அழற்சி: சொட்டு மருந்தின் எல்லை

கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது, காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது என்று சொல்பவர்களுக்கு நம் ஊர்களில் முதலில் கிடைப்பது நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு மருந்து. பல சமயம் மருந்துக்கடைக்காரரே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். விட்டால் பீளை குறைகிறது, நிறுத்தினால் திரும்புகிறது, மீண்டும் ஒரு குப்பி. கண்ணீர்ப்பை அழற்சியில் தொற்று என்பது பின்விளைவு, அடைப்பே மூலம் என்பது இக்கட்டுரையின் வாதம். எந்த மருந்து என்ற கேள்வியைவிட, எந்தக் கட்டத்தில் எதைச் செய்வது, எதைச் செய்யாதிருப்பது என்பதே இங்கு பெரிது.

இமைகளின் மூக்கோரத்தில் மேலும் கீழுமாக இரு கண்ணீர்த் துளைகள் உள்ளன. அவற்றிலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. நீள நுண்குழல்கள் கண்ணீர்ப்பைக்குச் செல்கின்றன. பையின் கீழ்முனையிலிருந்து ஒரு நாளம் எலும்புக்குள் இறங்கி மூக்கினுள் திறக்கிறது. அந்த நாளம் அடைபட்டால் கண்ணீர் பையிலேயே தேங்கி, ஸ்டெஃபைலோகாக்கஸ், நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகச் சீழாகிறது. சொட்டு மருந்து கண்ணின் மேற்பரப்பைக் கழுவும். போக்கிடம் அற்றுப்போன பைக்குள் போதிய அளவில் சென்று நிற்பதில்லை. அது தரும் தற்காலிகத் தணிவுதான் நோயாளியையும், சில நேரம் மருத்துவரையும், ஏமாற்றுகிறது.

பச்சிளங்குழந்தைகளிடம் நிலைமை வேறு. நாளத்தின் கீழ்முனையில் ஒரு மெல்லிய சவ்வு பிறந்த பிறகும் திறக்காமல் இருப்பதே அங்கு வழக்கமான காரணம். ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு ஒரு வயதுக்குள் அது தானே திறந்துகொள்கிறது. 1923-இல் கிரிக்லர் விவரித்த அழுத்துமுறை இன்றும் முதல் சிகிச்சை: கண்ணின் உள்மூலையில் விரலை ஊன்றி, மூக்கோரமாகக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். பையிலுள்ள நீரின் அழுத்தம் சவ்வைத் திறக்கச் செய்வதே நோக்கம். தாய்மார் பெரும்பாலும் தோலைத் தடவுகிறார்களே தவிர பையை அழுத்துவதில்லை. செய்து காட்டாமல் ‘மசாஜ் பண்ணுங்க’ என்று எழுதிக் கொடுப்பதில் பயனில்லை. தாய்ப்பால் விடுவதாலும் நந்தியாவட்டைச் சாறு பிழிவதாலும் சவ்வு திறக்காது. கம்பி செலுத்தித் திறப்பதற்கும் அவசரம் வேண்டாம். 6 முதல் 10 மாதக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், காத்திருந்த பிரிவில் மூன்றில் இரண்டு பங்கு கண்கள் ஆறு மாதத்துக்குள் அறுவையின்றியே சரியாயின. ஒரு வயது வரை பொறுப்பது அலட்சியமல்ல, சிகிச்சைதான். ஆனால் பிறந்த சில நாட்களிலேயே உள்மூலையில் நீலம் பாய்ந்த வீக்கம் தெரிந்தாலோ, மூச்சு விடத் திணறினாலோ இந்தப் பொறுமை பொருந்தாது.

கடும் அழற்சியில் கட்டளை தலைகீழாகிறது. உள்மூலைக்குக் கீழே சிவந்து, தொட முடியாத வலியுடன் வீங்கும், காய்ச்சலும் வரலாம். மாத்திரையாகவோ ஊசியாகவோ நுண்ணுயிர்க்கொல்லி இங்கு உடனே தேவை; சீழ் திரண்டிருந்தால் கீறி வடிக்க வேண்டும். அடைப்பைச் சோதிக்கிறோம் என்று அப்போது குழாயில் ஊசி செலுத்திக் கழுவக் கூடாது. தொற்று சுற்றுத் திசுக்களுக்குப் பரவும். கண் பிதுங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணை அசைப்பது வலித்தாலோ தொற்று கண்குழிக்குள் போய்விட்டது என்று கொண்டு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

எனினும் கவனிப்பு குறைந்திருப்பது நாட்பட்ட அழற்சியில்தான். நடுவயது கடந்த பெண்களிடம் இது மிகுதி. வலி இல்லாததால் முந்தானையால் துடைத்துக்கொண்டே ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். தென் தமிழ்நாட்டில் இதன் விலை அதிகம். 1993-இல் மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாக ஓர் ஆய்வு கணித்தது. மதுரையில் மூன்று மாதங்களில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளைப் பற்றி 1997-இல் வெளியான ஆய்வில், பாக்டீரியாக்களில் முதலிடம் நியூமோகாக்கஸுக்கு. அடைபட்ட பையில் அடிக்கடி குடியிருப்பதும் அதே கிருமிதான். எல்லாப் புண்ணுக்கும் பையே காரணம் என்று நான் சொல்லவில்லை. பூஞ்சைக்கும் அங்கு பெரும்பங்கு உண்டு. ஆனால் கதிரடிக்கையில் நெல் உமி பட்டுக் கருவிழி கீறிக்கொள்ளும் பெண்ணுக்கு, அருகிலேயே சீழ் நிறைந்த பை இருப்பது ஆபத்து. கண்புரை அறுவைக்கும் இதே கணக்கு. அந்தச் சீழ் கண்ணுக்குள் புகுந்தால் பார்வையே போகலாம். அதனால்தான் முகாம்களில் அறுவைக்குமுன் பையை அழுத்திப் பார்க்கிறார்கள். உப்புநீர் செலுத்தித் தொண்டையில் கரிக்கிறதா என்று கேட்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் தீர்வு புதுவழி அமைப்பது. இத்தாலியரான அடேயோ டோட்டி 1904-இல் மூக்கெலும்பில் துளையிட்டுப் பையை நேரே மூக்கினுள் திறந்துவிட்டார். 1921-இல் டுப்புய்-டூத்தாம், பூர்கே இருவரும் சளிச்சவ்வுகளைத் தைத்து இணைக்க, துளை தூர்ந்துபோவது குறைந்தது. 1989 முதல் இதையே உள்நோக்கி கொண்டு மூக்கின் வழியாகவும் செய்கிறார்கள். முகத்தில் தழும்பு இல்லை. திறமையான கைகளில் இரண்டும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலனளிக்கின்றன. ஆகவே எந்த வழி என்ற விவாதத்தைவிட, நோயாளி அறுவை அரங்கு வரை வந்து சேர்வதே முக்கியம். அழுத்தினால் சீழ் எதிர்த்து வரும் ஒருவருக்கு மூன்றாவது குப்பி மருந்து எழுதுவதை மருத்துவம் என்று ஏற்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அறுவை செலவானது, மருந்து மலிவானது என்பது இதற்கு வரும் மறுப்பு. ஆண்டுக்கணக்கில் வாங்கும் குப்பிகளையும், புண் வந்தால் இழக்கும் பார்வையையும் சேர்த்தால் அந்தக் கணக்கு நிற்காது. வீக்கம் உள்மூலைத் தசைநாணுக்கு மேலே தெரிந்தாலோ, கண்ணீரில் இரத்தம் கலந்தாலோ கட்டி இருக்கலாம். அப்போது திசுச் சோதனையின்றி எதையும் முடிவு செய்யக் கூடாது.

முதுமையும் இதயநோயும் சேர்ந்து, கண்புரையும் முற்றி நிற்பவருக்குப் பையையே அகற்றிவிடும் பழைய அறுவை இன்னும் பொருத்தமானது. அதன்பின் நீர் வடிவது தொடரலாம். சீழ் நின்றுவிடும், சில வாரங்களில் கண்புரை அறுவையும் செய்யலாம். புதுவழி அமைக்க இயலாதவர்களிடம் இதைத் தோல்வி என்று எண்ணி ஒதுக்குவது தவறு.